அம்மா போடும் கோலத்துக்கு லைக் குறைந்தால் அன்றைக்கு முழுக்க முகம் சரியில்லை – என்ன செய்யலாம்?

வைகறை_மகள் கேட்கிறார்:

வணக்கம். வீட்டுக்குள் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

என் அம்மாவுக்கு 59 வயது. ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். எனக்குக் கல்யாணமாகி நான் கோயம்புத்தூரில், தம்பி வேலைக்காகப் பெங்களூரில், ஊரில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்குக் கோலம் என்றால் உயிர். சிக்குக் கோலத்தில் எங்கள் தெருவில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. 15 புள்ளி, இடுக்குப் புள்ளி 8 வரை என்றால் நோட்டைப் பார்க்காமல், வைத்த கை எடுக்காமல் போட்டு முடித்துவிடுவார். கொரோனா சமயத்தில் தம்பி ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து, ஃபேஸ்புக்கும் வாட்ஸப்பும் போட்டுக் கொடுத்தான். கோலத்துக்கென்றே பெரிய பெரிய குரூப்புகள் இருக்கின்றன இல்லையா, அவற்றில் சேர்ந்து தினமும் வாசல் கோலத்தைப் படம் எடுத்துப் போட ஆரம்பித்தார். முதல் மார்கழியில் ஒவ்வொரு படத்துக்கும் நூறு, இருநூறு லைக். மஸ்கட்டிலிருந்து ஒருவர், மலேசியாவிலிருந்து ஒருவர் என்று கமெண்ட் வரும், அதை எனக்குப் போனில் வாசித்துக் காட்டுவார். அந்தச் சந்தோஷத்தை அதற்கு முன்னால் அம்மா குரலில் நான் அதிகம் கேட்டதில்லை.

இப்போது அந்த எண்ணிக்கை அப்படியே இறங்கிவிட்டது. பதினைந்து, இருபது, சில நாள் அதுவும் இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கூடவே இருந்து பார்த்தேன். ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலத்தை முடித்துவிடுகிறார், ஆனால் உள்ளே வருவதில்லை. இருட்டில் படம் சரியாக விழாது என்று வெளிச்சம் வரும் வரை அங்கேயே நிற்கிறார், பால்காரரைப் பைக்கை ஓரமாக நிறுத்தச் சொல்லிக்கொண்டு, நாய் குறுக்கே போகாமல் விரட்டிக்கொண்டு. அப்புறம் வாசற்படியில் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் ஏறி, கோலம் முழுசும் அடங்குகிற மாதிரி மேலேயிருந்து படம் எடுக்கிறார். முழங்கால் வலி உள்ளவர். எனக்குப் பதறிவிட்டது. அதற்குப் பிறகு காபி ஆறிக்கொண்டிருக்கிறது, கையில் போன். பொரியலைக் கிளறிவிட்டு ஒரு தடவை பார்க்கிறார், குழம்பு தாளித்துவிட்டு ஒரு தடவை பார்க்கிறார். லைக் வரவில்லை என்றால் "நம்ம போடுறது யாருக்கும் பிடிக்கல போல" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார்.

வாட்ஸப் ஸ்டேட்டஸ் இன்னும் மோசம். யார் யார் பார்த்தார்கள் என்று பெயர் வரிசையாக வருமே, அதைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். எப்போதும் முதலில் பார்ப்பது என் சின்ன அத்தை, ஆனால் ஒரு வார்த்தை எழுத மாட்டார். "பார்த்திருக்கா, ஒரு ஹார்ட் போடக் கை வரல பாரு" என்று அம்மாவுக்கு அது மனசில் தைத்துவிட்டது. பொங்கலுக்கு அத்தை வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இன்னொன்று. கலர்ப்பொடி ரங்கோலிக்குத்தான் லைக் குவிகிறது என்று அம்மா சிக்குக் கோலத்தையே விட்டுவிட்டார். பாக்கெட் பாக்கெட்டாகக் கலர்ப்பொடி வாங்கி, மயில், தாமரை, பொங்கல் பானை என்று மற்றவர்கள் போட்டதைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறார். நன்றாகத்தான் வருகிறது, ஆனால் அது அம்மா கோலம் இல்லை.

அப்பா "அந்தப் போனைத் தூக்கி எறி" என்கிறார். தம்பி, ஆபீஸ் நண்பர்கள் இருபது பேரிடம் சொல்லித் தினமும் லைக் போட வைக்கிறேன் என்கிறான். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. இது போன் அடிமைத்தனமா, வேறு ஏதாவதா? அம்மா மனசு நோகாமல் எப்படிப் பேசுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பேராவூரணிக்காரன்:

சகோதரி, எங்கள் பக்கம், பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு என்று இந்த வட்டாரம் முழுக்க ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும், கேள்விப்பட்டிருப்பீர்கள். பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள், வாசலில் நோட்டோடு ஆள் உட்கார்ந்திருப்பார், பெயர், ஊர், தொகை என்று எழுதிக்கொள்வார். அந்த நோட்டு வீட்டில் பத்திரமாக இருக்கும். நாளைக்கு அவர் வீட்டு விருந்துக்கு நாம் போகும்போது வாங்கியதோடு கொஞ்சம் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். பெரிய தொகை பிரிந்தால் அந்த வீட்டுச் சாப்பாடு ருசி என்று யாரும் சொல்ல மாட்டோம், அவர் ஊரெல்லாம் போய் நிறையச் செய்து வைத்திருக்கிறார் என்றுதான் சொல்வோம்.

கோல குரூப்புகளிலும் இதுதான் நடக்கிறது. என் மனைவியும் இரண்டு குரூப்பில் இருக்கிறார், நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். ஆயிரம் லைக் வாங்குகிறவர் தினமும் உட்கார்ந்து நூறு பேர் கோலத்துக்குப் போய் "அருமை சகோதரி", "சூப்பர்மா" என்று எழுதி, பூப்படம் ஒட்டிவிட்டு வருகிறார். அவர்கள் திரும்ப வந்து இவருக்குச் செய்கிறார்கள். உங்கள் அம்மா மற்றவர்கள் கோலத்துக்குக் கமெண்ட் போடுவாரா? போடாமல் தன் கோலத்தை மட்டும் போட்டுவிட்டு வந்தால் அந்தக் கூட்டத்தில் அவர் கணக்கு சின்னதாகத்தான் இருக்கும். அது கோலத்துக்குப் போட்ட மார்க் கிடையாது.

தம்பி சொன்னது வேண்டவே வேண்டாம். ஸ்டேட்டஸ் பார்த்தவர் பெயரையே ஒவ்வொன்றாகப் பார்க்கிறவர், லைக் போட்ட இருபது பேரையும் யார் என்று பார்க்காமல் விடுவாரா? எல்லாரும் பெங்களூர் பையன்கள், ஒருவர் பக்கத்திலும் ஒரு கோலம் கிடையாது. பிள்ளை பரிதாபப்பட்டு ஆள் பிடித்திருக்கிறான் என்று தெரிகிற அன்றைக்கு அவர் கோலமாவு டப்பாவையே மூடி வைத்துவிடுவார்.

தெக்கத்தி_காத்து:

எனக்கு இதில் பிரச்சினையே தெரியவில்லை. 59 வயது மனுஷி, காலையில் எழுந்து ஒரு கலையைச் செய்து நாலு பேருக்குக் காட்டுகிறார். இதே அம்மா சாயங்காலம் முழுக்க சீரியல் பார்த்து அழுதால் இங்கே வந்து கேள்வி கேட்டிருப்பீர்களா? ஸ்டூல் விஷயத்தை மட்டும் கவனியுங்கள், மற்றதை அவர் விருப்பத்துக்கு விடுங்கள். ரங்கோலி போட ஆசை வந்தால் போடட்டும். அம்மா எந்தக் கோலம் போட வேண்டும் என்று மகள் தீர்மானிக்கக் கூடாது.

ஜவுளிப்_பக்கம்:

ஈரோட்டில் ஜவுளிக்கடைகளின் ஃபேஸ்புக், இன்ஸ்டா பக்கங்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை, அதனால் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். லைக் இருநூறிலிருந்து இருபதுக்கு இறங்கியதற்கு அம்மா கோலம் காரணமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நாம் போடும் படம் நம்மைத் தொடர்கிற எல்லாருக்கும் போய்ச் சேருவதில்லை. கொஞ்சம் பேருக்குக் காட்டுவார்கள், அவர்கள் நின்று பார்த்தார்களா, கமெண்ட் எழுதினார்களா, பகிர்ந்தார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கூட்டத்துக்குக் காட்டுவார்கள். அந்தக் கணக்கையும் அவர்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், ஆட்களுக்குள் பேச்சைக் கிளப்புகிற பதிவுகளை முன்னால் காட்டப் போவதாக அறிவித்தது. 2021-ல் வெளியே வந்த அவர்களுடைய உள் ஆவணங்களைப் பார்த்தால், ஒரு காலத்தில் கோப முகம், அழுகை முகம் இவற்றுக்கெல்லாம் சாதா லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்திருக்கிறார்கள். ஒரு சிக்குக் கோலத்தைப் பார்த்து யாருக்குக் கோபம் வரும், யார் சண்டைக்கு நிற்பார்கள்? அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கீழே போய்விடுவார்கள். அப்படிப் போனவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

அப்புறம் வீடியோ. உங்கள் அம்மா ஆரம்பித்த காலத்தைப் பாருங்கள். 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், அடுத்த மாதமே இன்ஸ்டாவின் ரீல்ஸ் இங்கே வந்துவிட்டது, பின்னால் ஃபேஸ்புக்கிலும் வந்தது. 2021-ல் இன்ஸ்டாவின் தலைவர் ஆடம் மொசேரி, இனிமேல் இது படம் பகிர்கிற ஆப் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அதற்குப் பிறகு அசையாத படத்துக்கு வருகிற கூட்டம் எங்கள் கடைப் பக்கங்களிலும் குறைந்துபோனது. அதே புடவை, அதே முந்தானை. மடித்து வைத்த படமாகப் போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, கையில் பிரித்து விரித்துக் காட்டுகிற வீடியோ என்றால் ஓடுகிறது. புடவையில் ஒரு நூல்கூட மாறவில்லை.

இன்னொரு விஷயம், இதை அம்மாவிடமே சொல்லுங்கள். ஃபேஸ்புக்கில் லைக் பட்டன் வந்தது 2009 பிப்ரவரியில். அதை உருவாக்கிய குழுவில் லியா பேர்ல்மேன் என்று ஒரு பெண் இருந்தார். பின்னால் அந்த வேலையை விட்டுவிட்டுச் சித்திரக்கதை வரைந்து அதே ஃபேஸ்புக்கில் போட்டுக்கொண்டிருந்தார். நிறுவனம் கணக்கை மாற்றியதும் அவருக்கு லைக் குறைந்தது. மனசைக் கொட்டி வரைந்ததற்கு இவ்வளவுதானா என்று மூச்சு முட்டுகிற அளவுக்கு வருத்தப்பட்டதையும், ஆட்களைச் சேர்க்கக் காசு கொடுத்து விளம்பரம் போட்டதையும் அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்தப் பட்டனைச் செய்தவருக்கே இந்த நிலைமை என்றால் உங்கள் அம்மா எந்த விதத்திலும் பலவீனமானவர் இல்லை.

செய்யக்கூடியது: 2021 மே மாதத்திலிருந்து ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாவிலும் லைக் எண்ணிக்கையை மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது. தன் பதிவுக்கு மட்டும் மறைக்கலாம், மற்றவர்கள் பதிவில் வரும் எண்ணையும் மறைக்கலாம். அம்மாவுக்கு இரண்டாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன், பக்கத்து ரங்கோலியின் ஆயிரம் கண்ணில் படாது. தன்னுடையதைத் தொட்டுப் பார்த்தால் யார் யார் போட்டார்கள் என்று தெரியத்தான் செய்யும், ஆனாலும் எண் எந்நேரமும் முன்னால் வந்து நிற்காது. அதோடு, முடிந்த கோலத்தைப் படம் எடுப்பதற்குப் பதிலாக ஒரு செல்போன் ஸ்டாண்ட் வாங்கி ஓரமாக வைத்து, போடும்போதே வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒரே இழை புள்ளிகளைச் சுற்றிச் சுற்றிப் போய் ஆரம்பித்த இடத்திலேயே வந்து சேருவதைப் பார்க்க ஜனங்கள் நிற்பார்கள், ரங்கோலியில் அது கிடைக்காது. ஸ்டூல் ஏறும் வேலையும் மிச்சம்.

காவிரிக்கரை_கோலம்:

அம்மாடி, எனக்கு 66 வயது, கும்பகோணம். உன் அம்மாவை அடிமை, அது இது என்று எழுதாதே, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

நாங்கள் சின்னப் பெண்ணாக இருந்தபோது மார்கழி என்றால் விடிவதற்கு முன்னாலேயே தெருவில் நடமாட்டம் இருக்கும். பஜனை கோஷ்டி சுற்றி வரும், திருப்பாவை சேவிக்கக் கோயிலுக்குப் போகிற பெண்கள் ஒவ்வொரு வாசலாக நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். "இந்த முடிச்சை எங்கேருந்துடி எடுத்தே" என்று கேட்பார்கள். ஒருத்தி குறை சொல்வாள், "இந்த ஓரத்துல ஒரு புள்ளி அனாதையா நிக்குது பாரு" என்று. அந்தக் குறைகூட எங்களுக்குப் பெருமைதான், அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறாளே. பத்து மணிக்குள் வண்டியும் ஆளும் மிதித்துக் கோலம் அழிந்துவிடும், அதில் எங்களுக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது, பார்க்க வேண்டியவர்கள் அதற்குள் பார்த்திருப்பார்கள். இப்போது எங்கள் தெருவில் பாதி வீட்டில் ஸ்டிக்கர் கோலம், மீதி வீட்டில் காரை வெளியே எடுக்க வேண்டும் என்று வாசலே விடுவதில்லை. யார் நின்று பார்க்கிறார்கள்? உன் அம்மா அந்த ஆட்களைத்தான் போனில் தேடுகிறார்.

நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் அப்பா என்றைக்காவது வாசலில் நின்று அந்தக் கோலத்தைப் பார்த்திருக்கிறாரா? குழம்பில் உப்பு கூடினால் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள், நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். நம் வீடுகளில் பெண்கள் செய்கிற எல்லாவற்றுக்கும் இதுதான் கதி. அப்படி நாற்பது வருஷம் இருந்தவரிடம் திடீரென்று இருநூறு பேர் வந்து அழகு என்று சொன்னால் மனசு அங்கேதான் போகும். நீயும் அம்மா அனுப்புகிற படத்துக்குப் போகிற போக்கில் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பாய், என் மகளும் அதைத்தான் செய்கிறாள்.

"சூப்பர்மா" என்று சொல்வதை விட்டுவிடு. கோலத்தைப் பற்றி ஏதாவது கேள். இந்த இடத்தில் ஏன் வெளியே வளைத்தாய், இந்தப் புள்ளியைச் சுற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேள். தெரியாவிட்டால் கற்றுக்கொடு என்று உட்கார். உன் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் வாசலுக்கு நீதான் வந்து போட வேண்டும், சிக்குக் கோலம்தான் வேண்டும் என்று கூப்பிடு. கலர் போடுவதைத் தடுக்காதே, கலரும் அழகுதான். பெற்ற மகள் இழையைப் பார்க்கிறாள் என்று தெரிந்தால் அவர் கை தானாக இழைக்குப் போகும்.

மனசு_மருந்து:

மதுரையில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். பெரியம்மா எழுதியதைப் படித்து எனக்கே தொண்டை அடைத்துவிட்டது, அதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். ஆனால் வீட்டில் பாராட்டிவிட்டால் போன் பக்கம் போக மாட்டார் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். அந்த ஆப் வேலை செய்கிற விதமே வேறு. எப்போது வரும் என்று தெரியாமல், வந்தாலும் எவ்வளவு வரும் என்று தெரியாமல் கிடைக்கிற பரிசுதான் ஆளைத் திரும்பத் திரும்ப இழுக்கும். பி. எஃப். ஸ்கின்னர் என்கிற அமெரிக்க உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் வைத்து இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். தினமும் சரியாக ஐம்பது லைக் வந்தால் உங்கள் அம்மா சாயங்காலம் ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடுவார். இன்றைக்குப் பதினைந்து, போன வாரம் ஒரு நாள் எண்பது என்று ஏறி இறங்குவதால்தான் தாளித்துவிட்டு ஒரு தடவை பார்க்கத் தோன்றுகிறது.

2016-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, இன்ஸ்டா மாதிரி ஒன்றைக் காட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்த லைக் எண்ணிக்கை எல்லாம் ஆராய்ச்சியாளர்களே போட்டது, பிள்ளைகளுக்கு அது தெரியாது. தன் படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைப் பார்த்தபோது மூளையில் இன்பத்தோடு சம்பந்தப்பட்ட பகுதி தூண்டப்பட்டது. அதைவிட நமக்கு முக்கியமானது: மற்றவர் படத்தைப் பார்க்கும்போது, அதே படத்துக்கு அதிக எண்ணைக் காட்டினால் அவர்களும் லைக் போட்டார்கள், குறைந்த எண்ணைக் காட்டினால் போடாமல் போனார்கள். சோதித்தது பதின்வயதுப் பிள்ளைகளைத்தான், ஆனால் கூட்டம் கூடிய இடத்தில் கூட்டம் சேர்வதை நாம் எல்லா வயதிலும் பார்க்கிறோம். ஆரம்பத்தில் இருபதில் நின்ற கோலம் இருபதில் நின்றதாலேயே அங்கேயே நிற்கக்கூடும்.

பேசும்போது போனில் ஆரம்பிக்காதீர்கள். "எப்பப் பார்த்தாலும் போன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த நாளிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் பார்ப்பார், சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் உள்ளுக்குள்ளேயே வருத்தப்படுவார். லைக் வராத அன்று என்ன தோன்றுகிறது என்று கேட்டுவிட்டு, ஆறுதல் சொல்ல அவசரப்படாமல் அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். பார்க்கும் நேரத்தை அவரே முடிவு செய்யட்டும், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, ராத்திரி எட்டு மணிக்கு என்கிற மாதிரி. நோட்டிஃபிகேஷனை நிறுத்திவிட்டால் அது சுலபம்.

தெக்கத்தி_காத்து சொல்வதுபோல் இதை அப்படியே விட்டுவிட முடியுமா என்பது ஒன்றைப் பொறுத்தது. போன் இல்லாத நேரத்தில் அம்மா எப்படி இருக்கிறார்? நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டு, பக்கத்து வீட்டில் சிரித்துப் பேசுகிறார் என்றால் பயம் வேண்டாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பிடித்த வேலை எதிலும் மனசு போகாமல் வாரக்கணக்கில் இருந்தால் லைக்கை மறந்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். பிள்ளைகள் கிளம்பிப் போன வீட்டில் இந்த வயதில் மனச்சோர்வு வருவது சகஜம், "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். மகள் நீங்கள் கூப்பிட்டும் ஆலோசனை கேட்கலாம்.

கணக்கு_டீச்சர்:

நானும் உங்கள் விருதுநகர் மாவட்டம்தான், அரசுப் பள்ளி. சிக்குக் கோலத்தை அம்மா விட்டுவிட்டார் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி 1970-களிலேயே கோலத்தை எடுத்துக்கொண்டு கணினி அறிவியலுக்கான வடிவ இலக்கணம், அதாவது வடிவங்களை உருவாக்கும் விதிகள், எழுதியவர். ராணி சிரோமணியோடும் கமலா கிருதிவாசனோடும் சேர்ந்து 1974-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே கோலம் இருக்கிறது. உலகம் முழுக்கக் கணக்குக்காரர்கள் அதை எடுத்துப் படிக்கிறார்கள். நான் ஏழாம் வகுப்பில் சமச்சீர்மை (சிம்மெட்ரி) பாடம் நடத்தும்போது கோலத்தில்தான் ஆரம்பிப்பேன், பலகையில் நான் போடுகிற இழை எப்படியும் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்ளும். அப்போது உங்கள் அம்மா மாதிரி ஒருவர் வந்து நின்றால் பிள்ளைகள் விடமாட்டார்கள். பக்கத்துப் பள்ளிகளில் கேட்டுப் பாருங்கள், இலக்கிய மன்றம், கணித மன்றம் என்று ஏதாவது ஒன்றில் கூப்பிடுவார்கள். ஜனவரியில் சென்னை வர முடியும் என்றால் மயிலாப்பூர் திருவிழாவில் வடக்கு மாட வீதியிலேயே கோலப்போட்டி நடக்கும், தெருவை அடைத்துக்கொண்டு ஜனங்கள் நின்று பார்ப்பார்கள்.

வைகறை_மகள்:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிலையும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். தம்பியிடம் பேராவூரணி அண்ணன் எழுதியதைக் காட்டினேன், அவன் அந்த யோசனையை விட்டுவிட்டான். செல்போன் ஸ்டாண்ட் அவனே வாங்கி அனுப்புகிறானாம்.

கும்பகோணம் பெரியம்மா, கோபமெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மாவைக் கூப்பிட்டு, எங்கள் ஃபிளாட் வாசலில் போட ஒரு சின்னச் சிக்குக் கோலம் சொல்லிக்கொடு என்று கேட்டேன். ஏழு புள்ளிதான். நான் வைத்த புள்ளியே கோணல் என்று அழித்து அழித்து வைக்கச் சொன்னார், "இழையைப் பார்க்காத, அடுத்த புள்ளியைப் பாரு, கை தானா வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பேசி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மறுநாள் காலையில் மயில் ரங்கோலிதான் போட்டிருந்தார், லைக் பற்றியும் கேட்டார். அப்பாவிடம் பெரியம்மா கேட்ட கேள்வியை அப்படியே கேட்டேன். "கோலத்துல என்ன சொல்றது, தினம் போடுறதுதானே" என்றார். அவரிடம் இன்னும் பேச வேண்டும். தூக்கம், சாப்பாடு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேட்டுக்கொண்டேன்.

ஒரு சந்தேகம். ஃபேஸ்புக்கில் எண்ணை மறைக்கலாம் என்றீர்கள், அம்மாவே சரி என்று சொல்லிவிட்டார். வாட்ஸப் ஸ்டேட்டஸில் யார் பார்த்தார்கள் என்பது தெரியாமல் இருக்க வழி உண்டா? அத்தை விஷயம்தான் குடும்பத்துக்குள் பெரிதாகிக்கொண்டே போகிறது.

ஜவுளிப்_பக்கம்:

உண்டு. வாட்ஸப்பில் செட்டிங்ஸ் போய் ப்ரைவசியைத் திறந்தால் ரீட் ரிசீப்ட்ஸ் என்று ஒன்று இருக்கும், நீல டிக் வருவதற்கான சுவிட்ச் அதுதான். அதை நிறுத்திவிட்டால் அம்மா ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாது, அம்மா பார்த்ததும் மற்றவர்களுக்குத் தெரியாது. மெசேஜ்களுக்கும் நீல டிக் நின்றுவிடும், குரூப்பில் மட்டும் வழக்கம்போல இருக்கும். பிடிக்காவிட்டால் அதே இடத்தில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். நீங்களாக மாற்றி வைக்காமல் அவர் கையாலேயே மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் பெயர் வராததைப் பார்த்து யாருமே பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

அத்தையிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டேட்டஸுக்குப் பதில் எழுத முடியும் என்பதே தெரியாது, ஒன்று முடிந்து இன்னொன்று தானாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் அத்தைக்கும் அது தெரியாமல் இருக்கலாம்.